பாதி நீ போடு, பாதி நான் போடுகிறேன்: பள்ளிக்கூடப் பணமும் சேரிப் பிள்ளையின் பசியும்

(பாளையம்பட்டியில் டிசம்பர் 6, அண்ணல் அம்பேத்கர் நினைவுநாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நினைவுநாளில் புகழுரை கேட்டுவிட்டுக் கலைந்து போவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. அண்ணல் அப்படிக் கலைந்து போகச் சொன்னவர் அல்ல. அவர் அடிப்படையில் ஒரு பொருளாதார மாணவர். ரூபாய் எங்கிருந்து வருகிறது, எந்தத் தெருவுக்குப் போகிறது, எந்தத் தெருவுக்குப் போகாமல் நிற்கிறது என்று கேட்டவர். அந்தக் கேள்வியைப் பள்ளிக்கூடத்தின் மேல் வைத்துப் பார்ப்பதே இன்றைய உரை.

நம் மாவட்டத்தைப் பற்றி இரண்டு செய்திகள் உங்களுக்குத் தெரியும். பிளஸ் டூ தேர்ச்சியில் விருதுநகர் மாவட்டம் பல ஆண்டுகள் தொடர்ந்து மாநிலத்தில் முதலிடம் பிடித்தது. அதே விருதுநகரை 2018-இல் ஒன்றிய அரசு, நாட்டின் பின்தங்கிய மாவட்டங்களுக்கான 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலுக்குப் போன மாவட்டங்கள் இரண்டே. ஒன்று ராமநாதபுரம், மற்றொன்று நாம்.

முதல் மாவட்டமும் நாம்தான், பின்தங்கிய மாவட்டமும் நாம்தான். இது எப்படி? தேர்ச்சிக் கணக்கு பன்னிரண்டாம் வகுப்புவரை வந்து சேர்ந்த பிள்ளைகளை மட்டும் எண்ணுகிறது. வழியிலேயே கரிமூட்டம் போடவும், செங்கல் சூளைக்கும், தறிக்கும், தீப்பெட்டி ஆபீசுக்கும் போன பிள்ளை அந்தக் கணக்கில் இல்லை. சராசரி என்பது அப்படித்தான் வேலை செய்கிறது. மாவட்டத்தின் சராசரி சேரியை மறைக்கிறது, மாநிலத்தின் சராசரி மாவட்டத்தை மறைக்கிறது. மாநிலத்தோடு மாநிலத்தை ஒப்பிட்டுப் பணம் பிரிக்கும்போது இந்த மறைப்பு சட்டமாகவே ஆகிவிடுகிறது.

1. மகமையும் மானியமும்

நமது வானம் பார்த்த பூமியில் பள்ளிக்கூடம் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குவோம்.

1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்கன் மதுரை மிஷன், அந்த நூற்றாண்டின் நடுவில் நம் பக்கத்து மண்டபசாலையில் ஒரு நிலையம் வைத்தது. கரிசல் காட்டில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் எழுத்தைத் தொட்ட முதல் இடங்களில் இத்தகைய மிஷன் பள்ளிகளும் உண்டு. பிறகு வணிகச் சமூகங்கள் தங்களுக்கான பள்ளிகளைத் தாங்களே கட்டிக்கொண்டன. விருதுநகர் சத்திரிய வித்யாசாலை 1889-இல் தொடங்கியது. கோயில் நுழைவும் பொதுவெளியும் மறுக்கப்பட்ட ஒரு சமூகம், சந்தையில் விற்ற மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை வசூலித்து, வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து நடத்திய பள்ளி அது. அந்த உழைப்பை நாம் மதிக்க வேண்டும். பின்னாளில் முதலமைச்சரான காமராசர் அந்தப் பள்ளியில் படித்தவர்.

ஆனால் மகமை வசூலிக்க ஒரு சந்தை வேண்டும். பிடியரிசி எடுக்க வீட்டில் அரிசி வேண்டும். அடுத்தவன் காட்டில் பருத்தி எடுத்து, அடுத்தவன் களத்தில் குதிரைவாலி அடித்து, கூலியாக அளந்ததை அன்றே உலையில் போடும் தெருவில் எதை மகமையாக வைப்பது?

அன்றைய சென்னை மாகாண அரசின் கல்விக் கொள்கை உதவி மானியம் என்ற முறையில் நின்றது. யாராவது பள்ளி நடத்த வேண்டும், பணம் திரட்ட வேண்டும்; அதன்பின் அரசு தன் பங்கைக் கொடுக்கும். சில காலம் தேர்வு முடிவைப் பார்த்தும் மானியம் கொடுத்தார்கள். ஆய்வாளர் வருகிற நாளில் பிள்ளைகள் வாசித்துக் காட்டினால் பணம், காட்டாவிட்டால் இல்லை. களையெடுப்பு நாளில் ஆய்வாளர் வந்தால் அந்தப் பள்ளியின் கதி என்னவென்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இந்த முறையில் சேரிக்குப் பள்ளி வராது என்பதை அரசே ஒப்புக்கொண்டது 1893 பிப்ரவரியில். அந்த மாத அரசாணையைப் பஞ்சமர் கல்வியின் மகாசாசனம் என்று சொல்வதுண்டு. சேரிகளில் தனிப் பள்ளிகள், அவற்றுக்குக் கூடுதல் மானியம், அந்தச் சமூகத்திலிருந்தே ஆசிரியர்களை உருவாக்க உதவித்தொகை என்று அது பேசியது. அதையொட்டிய காலத்தில்தான், பண்டிதர் அயோத்திதாசரின் தொடர்பும் தூண்டுதலும் சூழ்ந்திருக்க, கர்னல் ஆல்காட் 1894-இல் அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார்.

ஆனால் ஆணை வந்த பிறகும் அடிப்படை விதி மாறவில்லை. 1920-இல் சென்னை தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. உள்ளாட்சி அமைப்பு கல்வி வரி போடலாம், வசூலாகும் தொகைக்குச் சமமான தொகையை அரசு தரும் என்றது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. 'பாதி நீ போடு, பாதி நான் போடுகிறேன்.' ஆனால் காவிரிப் பாசனத்து ஊரும் கண்மாய் வறண்ட திருச்சுழிப் பக்கத்து ஊரும் ஒரே விகிதத்தில் வரி போட்டால், ஒரே தொகையா விழும்? நிறைய வசூலான ஊருக்கு அரசும் நிறையக் கொடுத்தது, குறைய வசூலான ஊருக்குக் குறையக் கொடுத்தது. வறண்ட ஊர், வறண்டிருந்த காரணத்தாலேயே இரண்டு தடவை தோற்றது.

இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு ஆண்டுகள் தாண்டி, 60:40 என்ற உருவில் இது தில்லியிலிருந்து திரும்பி வரும்.

2. ஓரணாச் சிற்றுண்டி

அதே 1920-இல் வேறொரு விதியும் பிறந்தது. சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பி. தியாகராயர் முன்வைத்த திட்டத்துக்கு அந்த ஆண்டு செப்டம்பர் 16 அன்று மாமன்றம் ஒப்புதல் தந்தது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி. பசியால் பள்ளிக்கு வராத பிள்ளை, சாப்பாடு போட்டால் வருவான் என்பதே அதன் கணக்கு. சேர்க்கை கூடியது. மேலும் நான்கு பள்ளிகளுக்குத் திட்டம் போனது.

அதை நிறுத்தியது பஞ்சமோ கலவரமோ இல்லை, ஒரு கணக்குத் தலைப்பு. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடக் கூடாது என்று அரசு மறுத்தது. 1925 ஏப்ரல் 1 முதல் அந்த வழி அடைபட்டது. கரும்பலகை கல்விச் செலவாம், கஞ்சி கல்விச் செலவு இல்லையாம். வயிறு நிறைந்தவன் எழுதிய கணக்குப் புத்தகத்தில் பசி என்ற தலைப்பே இருக்காது.

3. அண்ணலின் கணக்கு

1927 மார்ச் 12 அன்று பம்பாய்ச் சட்டமன்றத்தில் கல்வி மானியக் கோரிக்கை மீது அம்பேத்கர் பேசினார். அவர் வைத்த கணக்கு எளிமையானது. அரசு கல்விக்குத் தலைக்கு 14 அணா செலவழிக்கிறது. அதே மக்களிடமிருந்து மதுவரியாகத் தலைக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் எடுக்கிறது. மக்களிடமிருந்து மதுவின் வழியாக எடுக்கிற அளவையாவது கல்வியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வாதாடினார். பின்தங்கிய வகுப்புகளின் பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று வகுப்பு வாரியாகப் பிரித்துக் காட்டினார். மாகாணச் சராசரியை அவர் ஏற்கவில்லை. அதை உடைத்து, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார்.

1942-இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழு உறுப்பினராக இருந்தபோது, பட்டியல் சாதியினரின் குறைகளை விளக்கி ஒரு மனு கொடுத்தார். அலிகர், பனாரஸ் பல்கலைக்கழகங்களுக்கு ஆண்டுதோறும் அரசு தரும் மானியத்தை எடுத்துக்காட்டி, எங்கள் மாணவர்களுக்கு என்ன தருகிறீர்கள் என்று கேட்டார். ஆண்டுக்கு மூன்று லட்சம் ரூபாய் உதவித்தொகைக்கு ஒதுக்கப்பட்டது. இன்று நம் பிள்ளைகள் கல்லூரியில் வாங்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. 'நீ எவ்வளவு போட்டாய்' என்று அந்தத் திட்டம் கேட்கவில்லை. 'உனக்கு எவ்வளவு மறுக்கப்பட்டது' என்பதைப் பார்த்துக் கொடுத்தது.

4. எட்டயபுரமும் பரமக்குடியும்

அண்ணல் மறைந்த அதே 1956-இல், இங்கிருந்து தூத்துக்குடிச் சாலையில் போனால் வந்துவிடும் எட்டயபுரத்தில், காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் அதை நிலைநிறுத்தினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1954-இல், ராஜாஜியின் அரைநேரக் கல்வித் திட்டம் திரும்பப் பெறப்பட்டிருந்தது. அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்ற அந்தத் திட்டத்தில் நம் பிள்ளைக்கு எந்தத் தொழில் காத்திருந்தது என்பதை இந்தச் சபையில் விளக்க வேண்டியதில்லை.

தொடக்கத்தில் ஊரார் தரும் நன்கொடையில்தான் அடுப்பு எரிந்தது. பிறகு அரசு தன் பங்கைச் சேர்த்தது. அங்கேயும் பழைய விதிதான். கொடுக்கிற ஊரில் அடுப்பு எரியும், கொடுக்க முடியாத ஊரில் அணையும். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் தொடங்கியபோதுதான், ஊர்ப்பங்கு என்ற பேச்சு முழுதாகப் போய், அரசின் செலவாக எல்லாக் கிராமத்துக்கும் சோறு வந்தது. 1989-இல் முட்டை சேர்ந்தது, 2010-இல் வாரம் ஐந்து முட்டையானது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவு, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. ஆயிரம் விளக்கின் ஓரணா வென்றது என்று சொல்லலாம். அது வெல்ல நூறு ஆண்டு ஆனது.

எங்கள் தெருப் பிள்ளைகள் பைக்கட்டில் சிலேட்டோடு ஒரு அலுமினியத் தட்டையும் வைத்துக்கொண்டுதான் பள்ளிக்குப் போவோம். சிலேட்டை மறந்தால் வாத்தியார் அடிப்பார். தட்டை மறந்தவன் பாதி வழியில் திரும்பி ஓடுவான். சத்துணவைப் பற்றி நான் பொருளாதார நூல்களில் பின்னால் படித்ததெல்லாம் அந்த ஓட்டத்துக்கு எழுதிய உரை மாதிரிதான் எனக்குப் படுகிறது.

ஆனால் எட்டயபுரத்துக்கு அடுத்த ஆண்டை மறக்க முடியாது. 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் தியாகி இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். அப்போது பரமக்குடியும் அருப்புக்கோட்டையும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம். அரசு நினைத்தால் பள்ளியில் அடுப்பு மூட்டலாம். அந்தப் பள்ளி எந்தத் தெருவில் இருக்கிறது, அதற்குப் போகிற பாதை யாருடையது, வகுப்பில் யார் எங்கே உட்காருவது என்பவற்றைச் சோற்றால் மட்டும் தீர்க்க முடியாது. சமமாக உட்காருவதைக் கேட்டவருக்குக் கிடைத்த பதிலை நம் மாவட்டம் கண்ணால் பார்த்தது.

5. மாநிலங்களை எப்படி ஒப்பிடுவது

இப்போது நம் எல்லைக்கு வெளியே பார்ப்போம்.

கேரளத்தைக் கல்விக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். திருவிதாங்கூரில் 1817-லேயே கல்விச் செலவை அரசே ஏற்கும் என்ற அரச ஆணை பிறந்தது உண்மை. ஆனால் அந்தப் பள்ளிகளில் புலையர் பிள்ளை நுழைய முடியவில்லை. 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கிய அய்யன்காளி, வயலில் இறங்க மாட்டோம் என்று விவசாயத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்த பிறகுதான் கதவு அசைந்தது. ஆணைக்கும் கதவு திறந்ததற்கும் இடையே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு. பணம் ஒதுக்குவது பாதி வேலை. அது யார் பிள்ளைமேல் செலவாகிறது என்பது மீதிப் பாதி.

இன்றைய கணக்கு. நிதி ஆயோக் 2023-இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீட்டின்படி, தமிழ்நாட்டில் வறியவர் 2.20 விழுக்காடு. கேரளத்தில் 0.55. உத்தரப் பிரதேசத்தில் 22.93. பீகாரில் 33.76. மூன்றில் ஒருவர்.

இதைப் பார்த்துத் தமிழ்நாடு பெருமைப்படலாம், அதில் நமக்கும் பங்கு உண்டு. ஆனால் அண்ணல் செய்ததுபோல் சராசரியை உடைத்துப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.1 விழுக்காடு, பட்டியல் சாதியினரின் எழுத்தறிவு 73.3. இடைவெளி ஏறத்தாழ ஏழு புள்ளி. உத்தரப் பிரதேசத்தில் மாநில எழுத்தறிவு 67.7, பட்டியல் சாதியினருடையது 60.9. அங்கேயும் ஏறத்தாழ ஏழு புள்ளி. கேரளத்தில் 94.0-க்கு 88.7. பீகாரில் 61.8-க்கு 48.6.

தமிழ்நாடு உத்தரப் பிரதேசத்தைவிடப் பன்னிரண்டு புள்ளிகள் மேலே நிற்கிறது. ஆனால் ஊருக்கும் சேரிக்கும் உள்ள தூரம் இரண்டு மாநிலத்திலும் ஒன்றுதான். ஏணி உயர்ந்திருக்கிறது, அதில் நமது படி இருக்கிற இடம் மாறவில்லை. திராவிட மாதிரி என்று மேடையில் பேசுவோரும், அதை மறுத்துப் பேசுவோரும் இந்த இரண்டு ஏழுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

6. தில்லியின் தராசு

1976-இல் 42-ஆவது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு எடுத்துக்கொண்டது. அதிகாரம் போனது, செலவில் பெரும்பங்கு மாநிலங்களிடமே நின்றது. தேச வருமானத்தில் 6 விழுக்காடு கல்விக்கு என்று கோத்தாரி ஆணையம் 1966-இல் சொன்னதை இதுவரை எந்த ஒன்றிய அரசும் எட்டவில்லை.

மாநிலங்களுக்கு வரி வருவாயைப் பிரிப்பது நிதிக்குழு. 15-ஆவது நிதிக்குழு தமிழ்நாட்டுக்குக் கொடுத்த பங்கு 4.079 விழுக்காடு. நம் மக்கள்தொகை நாட்டில் ஏறத்தாழ 6 விழுக்காடு. பீகாருக்கு 10.058, உத்தரப் பிரதேசத்துக்கு 17.939. இந்தக் கணக்கில் 45 விழுக்காடு எடை, மாநிலத்தின் சராசரி வருமானம் முன்னணி மாநிலங்களிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதற்கு.

இதை வைத்து, 'நம் வரிப்பணம் பீகாருக்குப் போகிறது' என்ற கோபம் இங்கே வளர்க்கப்படுகிறது. தோழர்களே, இதில் நாம் நிதானமாக நிற்க வேண்டும். பீகாரில் முசகர் என்ற பட்டியல் சாதி மக்கள் இருக்கிறார்கள். எலி பிடித்துத் தின்று வாழ்ந்தவர்கள் என்று பெயரிலேயே இழிவைச் சுமப்பவர்கள். 2001 கணக்கெடுப்பில் அவர்களது எழுத்தறிவு வெறும் 9 விழுக்காடு. அந்தப் பிள்ளைக்கு ஒரு ரூபாய் கூடப் போவதை நாம் எதிர்க்க முடியாது. அவன் நம் பிள்ளை. 12-ஆவது நிதிக்குழு பின்தங்கிய எட்டு மாநிலங்களின் கல்விக்கென்று பத்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் தனி மானியம் பரிந்துரைத்தது. அந்தக் கொள்கை சரியானது.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பாட்னாவில் இறங்கிய பணம் முசகர் குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்ததா? பணக்கார மாநிலத்துப் பிள்ளை என்று கணக்கிலிருந்து அடிக்கப்பட்ட திருச்சுழிப் பக்கத்துச் சேரிப் பிள்ளைக்கு யார் கொடுப்பது? நிதிக்குழுவின் தராசில் இந்த இருவருமே இல்லை. அந்தத் தராசில் மாநிலங்கள் நிற்கின்றன, பிள்ளைகள் நிற்கவில்லை. பின்தங்கிய மாவட்டம் என்று 2018-இல் பட்டியலிட்டபோதும் பெரிய தனி நிதி வரவில்லை. இருக்கிற திட்டங்களை ஒருங்கிணைத்துப் புள்ளிவிவரப் போட்டி நடத்துவதே அதன் முறை.

இனி 60:40. அனைவருக்கும் கல்வித் திட்டம் தொடங்கியபோது ஒன்றியத்தின் பங்கு 85 விழுக்காடு. படிப்படியாக இறங்கி 2015-16 முதல் பெரும்பாலான மாநிலங்களுக்கு 60 ஆனது. மாநிலம் 40 வைக்க வேண்டும். வசதியான மாநிலம் 40-க்கு மேலும் வைக்கும். ஏழை மாநிலம் 40-க்கே திணறும். ஒரே மதிய உணவில் இதைப் பார்க்கலாம். சமையலருக்கு ஒன்றிய விதிப்படி மாத மதிப்பூதியம் 1,000 ரூபாய். 2009-லிருந்து அதே ஆயிரம். அதற்கு மேல் மாநிலத்தின் கையிருப்பைப் பொறுத்தது. பீகாரில் 1,650 ரூபாயாக இருந்து 2025 ஆகஸ்டில்தான் 3,300 ஆனது. தமிழ்நாட்டில் இதைவிட அதிகம். அடுப்பு ஒன்று, புகை ஒன்று, கூலி மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

இந்த விதி நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் பள்ளிகள் அந்தந்தப் பகுதியின் சொத்து வரியை நம்பி நடக்கின்றன. டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோ நகரின் எட்ஜ்வுட் பகுதி, மெக்சிகோ வழிவந்த ஏழைகள் வாழ்ந்த இடம். அவர்கள் தங்கள் சொத்துமேல் கூடுதல் விகிதத்தில் வரி போட்டும் ஒரு மாணவருக்கு 26 டாலர்தான் கிடைத்தது. அதே நகரின் வசதியான ஆலமோ ஹைட்ஸ் பகுதி, குறைந்த விகிதத்திலேயே 333 டாலர் திரட்டியது. இந்த வழக்கில் 1973-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஏழைப் பகுதியின் கோரிக்கையை ஏற்கவில்லை. நம் 1920 சட்டத்தின் கதைதான் இது. வறண்ட கிணற்றில் அதிக நேரம் இறைத்தவனுக்குக் குறைந்த தண்ணீர்.

நம் கல்லூரி உதவித்தொகைக்கும் இந்த விதியின் கொடுமையான வடிவம் வந்தது. ஐந்தாண்டுத் திட்டத்தின் கடைசி ஆண்டில் ஒரு மாநிலம் எவ்வளவு செலவு செய்ததோ அது அந்த மாநிலத்தின் பொறுப்பு, அதற்கு மேல் ஆவதை மட்டும் ஒன்றியம் தரும் என்பது விதி. அதிகத் தலித் மாணவர்களைக் கல்லூரிக்கு அனுப்பிய மாநிலத்துக்கு அதிகச் சுமை. 2017-க்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு ஒன்றியப் பங்கு சுருங்கியது இப்படித்தான். நாடெங்கும் மாணவர் போராட்டங்களுக்குப் பின், 2020 டிசம்பரில் அது 60:40 ஆக மாற்றப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் கட்டணம் கட்ட முடியாமல் சான்றிதழை இழந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள்.

கடைசியாக 2024-25. பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதால், ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்குரிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தியது. 2025 மே மாதம் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. கொள்கை வேறுபாடு அரசுகளுக்குள் இருக்கலாம். அதற்குப் பிணையாக வைக்கப்பட்டது யாருடைய பணம்? தனியார் பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்டப்படி ஏழைப் பிள்ளைக்கு உரிய இடங்கள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்பு ஆசிரியர் ஊதியம், அரசுப் பள்ளியின் பராமரிப்பு மானியம். நிபந்தனையின் விலையை நம் தெருப் பிள்ளைகள் கட்டினார்கள்.

7. நம் வீட்டுக் கணக்கு

தில்லியைக் கேட்கிற வாயால் சென்னையையும் கேட்க வேண்டும்.

2024-25-இல் தமிழ்நாடு பள்ளிக்கல்விக்கு ஒதுக்கியது 44,042 கோடி ரூபாய். அதே ஆண்டு டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி. 1927-இல் அண்ணல் பம்பாயில் போட்ட கணக்கை இன்று நாம் சென்னையில் போட்டாலும் விடை அதே பக்கம்தான் சாய்கிறது. சேரித் தெருவிலிருந்து சாயங்காலம் எடுப்பதைக் காலையில் பள்ளியாக முழுதும் திருப்பித் தரவில்லை.

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளை எடுத்துக்கொள்வோம். 1919-20-இல் தொழிலாளர் ஆணையர் பதவி உருவாகி, ஒடுக்கப்பட்டோருக்கான லேபர் பள்ளிகள் தொடங்கின. அந்த வழியில் வந்தவையே இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட நலப் பள்ளிகள். இவற்றைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைப்பதாக 2023 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. நம்மிடையே இரண்டு கருத்து உண்டு. தனிப் பள்ளி என்பதே தீண்டாமையின் அடையாளம் என்கிறார்கள் சிலர். நமக்கென்று இருந்த நிலமும் நிதியும் போய்விடும் என்கிறார்கள் சிலர். இரண்டிலும் உண்மை இருக்கிறது. இணைப்பு வருமானால் நிலம், நிதி, ஆசிரியர் பணியிடம் மூன்றுக்கும் எழுத்தில் பாதுகாப்பு வேண்டும் என்பது என் கருத்து.

பள்ளிப் பராமரிப்பு மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பார்த்து வருகிறது. முப்பது பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், நூறு வரை 25,000. வசதி வந்த வீடுகள் வேன் வைத்து ஆங்கிலப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகின்றன. சேரிப் பள்ளியில் எண்ணிக்கை குறைகிறது, குறைந்ததால் மானியம் குறைகிறது, மானியம் குறைந்ததால் கழிப்பறை பூட்டப்படுகிறது, கழிப்பறை பூட்டியதால் பெண்பிள்ளை நிற்கிறாள். எண்ணிக்கை மேலும் குறைகிறது. இந்தச் சுழலில் எந்த இடத்திலும் 'இங்கே வரும் பிள்ளை எவ்வளவு ஏழை' என்று கேட்கும் படிவம் இல்லை.

சோற்றிலும் சாதி போகவில்லை. பட்டியல் சாதியினரைச் சமையலராக நியமிப்பதில் முன்னுரிமை தரவேண்டும் என்று 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018-இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அருந்ததியர் பெண் சமைத்ததை எதிர்த்து ஊரார் பள்ளியையே மறித்தார்கள். நூறாண்டு போராடிப் பெற்ற சோற்றை, சமைத்த கையைப் பார்த்துத் தள்ளும் ஊர் இன்றும் இருக்கிறது.

8. செய்ய வேண்டியது

1893 முதல் இன்றுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். பள்ளிப் பணத்தைப் பிரிக்க இரண்டு விதிகள் இருந்திருக்கின்றன. ஒன்று, 'நீ போட்டதற்கு ஏற்ப நான் போடுகிறேன்' என்பது. அது எப்போதும் இருப்பவனுக்கே சேர்ந்தது. இன்னொன்று, 'உன் பசிக்கு ஏற்ப நான் போடுகிறேன்' என்பது. ஆயிரம் விளக்கின் ஓரணா, 1942-இன் மூன்று லட்சம், 1982-இன் சத்துணவு எல்லாம் அந்த விதி. நம் தலைமுறைகள் படித்தது இந்த இரண்டாவது விதியால்தான்.

எனவே நம் கோரிக்கை இது. நிதிக்குழு, ஒன்றியத் திட்டம், மாநில நிதிநிலை அறிக்கை மூன்றிலும் பள்ளிப் பணத்தின் ஒரு பங்கு, அந்தப் பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துப் பிரிக்கப்பட வேண்டும். பீகாருக்கும் அதுவே விதி, நமக்கும் அதுவே. முசகர் பிள்ளையும் திருச்சுழிப் பக்கத்துப் பிள்ளையும் போட்டியாளர்களாக நிற்க வேண்டிய அவசியம் அப்போது இருக்காது.

கோரிக்கைக்கு முன் கையில் கணக்கு வேண்டும். மாணவத் தோழர்களுக்கு மூன்று வேலை சொல்கிறேன். ஒன்று, உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் தெருத் தாய்மார்களை உட்கார வையுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதி பெண்கள். இரண்டு, சென்ற ஆண்டு பள்ளிக்கு எவ்வளவு வந்தது, எப்போது வந்தது, எதற்குச் செலவானது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். மூன்று, 2024-இல் தமிழ்நாடு இயற்றிய பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தைப் படியுங்கள். ஆந்திரமும் கர்நாடகமும் 2013-லேயே இப்படிச் சட்டம் போட்டன. சட்டம் இருந்தும் கர்நாடகத்தில் அந்த நிதி பொதுவான உத்தரவாதத் திட்டங்களுக்குத் திருப்பப்பட்டது. சட்டப் புத்தகம் தானாகக் காவல் காக்காது என்பதற்கு அது சாட்சி.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி வட்டாரங்களின் சேரிப் பள்ளிகள் அனைத்துக்கும் இந்தக் கணக்கை எடுத்து, ஒரே புத்தகமாக்கி, அடுத்த டிசம்பர் 6 அன்று இதே மேடையில் வைத்தால், அதைவிடச் சிறந்த மாலையை அண்ணலுக்கு நாம் போட முடியாது. அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பள்ளியின் பெயருக்கு அடுத்த கட்டத்தில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: இன்று காலையில் சாப்பிடாமல் வந்தவர்கள் எத்தனை பேர்.